ஓராண்டில் வெளியேறுவதா, கல்லூரியிலேயே தொடர்வதா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் முதலாண்டிலேயே பெயரெடுத்த வீரர், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவின் அணிகள் சுற்றுச் சுற்றாகப் புதிய வீரர்களைத் தெரிவு செய்யும் தேர்வுக்குச் செல்வதா, கல்லூரியில் தொடர்வதா என்று தவிக்கிறார். நல்ல திறமை வீணாவது பல நேரங்களில் இந்த முடிவில்தான் தொடங்குகிறது என்றே நான் கருதுகிறேன்.

வருமானம்
வெளியேறினால்: முதல் சுற்றில் தேர்வானவருக்கு இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதியாகக் கிடைக்கும், இரண்டாம் சுற்றில் அந்த உறுதி இல்லை.
தொடர்ந்தால்: 2021 முதல் விளம்பரங்கள் வழியாகப் பணம் ஈட்டலாம், 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகவும் பணம் வழங்கலாம்.

ஆட்ட வளர்ச்சி
வெளியேறினால்: ஓராண்டு மட்டும் கல்லூரியில் ஆடி, 2013இல் முதல் வீரராகத் தேர்வான ஆந்தனி பென்னட், நான்கு பருவங்களில் நான்கு அணிகளுக்கு ஆடியதோடு என்பிஏவிலிருந்து மறைந்தார். பயிற்சிக்கு அவகாசம் தராத எதிர்பார்ப்பு அவரை நசுக்கியது என்பதை நினைக்கும்போது இன்றும் வருத்தமாக இருக்கிறது.
தொடர்ந்தால்: ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் ஆடிய பட்டி ஹீல்ட் (Buddy Hield), முதலாண்டில் ஆட்டத்துக்குச் சராசரியாக எட்டுப் புள்ளிகளைக்கூடத் தொடாமலிருந்து, இறுதியாண்டில் 25 புள்ளிகளை எட்டி, 2016இல் ஆறாவதாகத் தேர்வானார்.

காயம்
தொடர்பவருக்கே இதில் இடர் அதிகம். ஒரு முழங்கால் காயம் தேர்வு வரிசையையே மாற்றிவிடும்.

முதல் சுற்றின் முன்வரிசையில் இடம் ஏறக்குறைய உறுதியானவர், குடும்பத்தின் பொருள் நெருக்கடியும் சேர்ந்தால், வெளியேறலாம். இரண்டாம் சுற்றையே எதிர்நோக்குபவரும், எறிதலோ தடுப்பாட்டமோ இன்னும் முதிராதவரும் கல்லூரியில் தொடர்வதே பொருத்தம். தேர்வுக்குப் பெயர் கொடுத்திருந்தாலும், குறித்த நாளுக்குள் விலகினால் கல்லூரியில் ஆடும் தகுதி நீடிக்கும்.