எடை குறைக்க ஊசியா, மாத்திரையா, சாப்பாட்டை மாற்றுவதா?

கல்யாணத்துக்கு முன்னால் அஞ்சு கிலோ குறைய வேண்டும் என்பவருக்கு ஊசி வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மவுஞ்சாரோ, வெகோவி என்ற எடை குறைக்கும் ஊசிகள் 2025-இல் இந்தியாவுக்கு வந்துவிட்டன. இவை பி.எம்.ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு) 30-ஐத் தொட்டவர்களுக்கான மருந்து. சர்க்கரையோ பிரஷரோ கூடவே இருந்தால் 27 போதும். 160 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 30 என்பது சுமார் 77 கிலோ.

பலனில் ஊசிதான் முன்னால் நிற்கிறது. வெகோவி 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடையைக் குறைத்தது. மவுஞ்சாரோ அதிக அளவில் 20 சதவீதம் வரை போனது. ஆர்லிஸ்டாட் மாத்திரையில் வருடத்துக்கு மூணு கிலோ கூடுதலாகக் குறையலாம், அவ்வளவுதான். உண்ணும் கொழுப்பில் ஒரு பகுதியை அது உடம்பில் சேரவிடாது. கீழக்கரைத் தொதலும் தேங்காய்ப்பால் குழம்பும் சாப்பிட்டுவிட்டு அதைப் போட்டால் மலம் எண்ணெயாகப் போகும், சில நேரம் அடக்கவும் முடியாது. நம் சமையலுக்கு அது ஒத்துவராது என்பது என் கருத்து.

ஆனால் ஊசிக்கு நம் கீழக்கரைப் பக்கத்துக் கடற்கரையில் இரண்டு சங்கடம். ஒன்று, குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆரம்ப வாரங்களிலும் அளவு கூட்டும்போதும் அதிகம். வெயிலில் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்ணோ படகில் போகிறவரோ தண்ணீர் குடிக்காமல் இருந்தால் உடம்பில் நீர் வற்றி சிறுநீரகம் பாதிக்கப்படலாம். விசைப்படகுக்காரர் என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் இருக்கும்போதே தொடங்கலாமா என்று டாக்டரிடம் கேட்பது நல்லது. இரண்டு, மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். வெளியே சில வாரம் இருக்கலாம், ஆனால் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. சபுரிலிருந்து, அதாவது வெளிநாட்டிலிருந்து, யாராவது பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள்.

அப்புறம் காசு. நிறுத்தினால் எடை திரும்புகிறது. ஓர் ஆய்வில் நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்ததில் மூணில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது. அதனால் மாதச் செலவைப் பல வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சாப்பாடும் நடையும் மெதுவானவைதான். ஆனால் சர்க்கரையின் விளிம்பில் இருப்பவர்கள் வாரம் 150 நிமிடம் நடந்து 7 சதவீதம் குறைப்பதை இலக்காக வைத்த அமெரிக்க ஆய்வில், சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. ஊசி போட்டாலும் இதை விட முடியாது, ஏனென்றால் கொழுப்போடு தசையும் கரையும். நமக்குச் சாளையும் நெத்திலியும் கிடைக்கிறதே, அதைக் குழம்பாக வைத்துச் சாப்பிட்டால் புரதம் கிடைக்கும். கருவாட்டில் உப்பு அதிகம்.

90 கிலோவும் சர்க்கரையும் இருந்து, நடந்தும் குறையாதவர் என்றால் ஊசியைத் தயங்காமல் கேளுங்கள். கர்ப்பம் தரிக்க நினைப்பவர், கணைய அழற்சி வந்தவர், குடும்பத்தில் மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் இருப்பவர் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் அதையும் சொல்லுங்கள். ஊசியோடு சேர்ந்தால் சர்க்கரை ரொம்பத் தாழ்ந்துவிடலாம், மாத்திரை அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.