ஸ்ட்ராஸ்பூர் கிறிஸ்துமஸ் சந்தை: புதுச்சேரியிலிருந்து போகிறவர்களுக்கு

டிசம்பரில் பாரிசிலிருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும் புதுச்சேரிக்காரர்கள் ஒரு நாள் ஒதுக்கலாம். பாரி எஸ்த் ரயில் நிலையத்திலிருந்து தெஜெவே (TGV) என்ற அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் ஸ்ட்ராஸ்பூர். 1570 முதல் நடக்கும் சந்தை இது.

25ஆம் தேதியை நம்பிக் கிளம்பாதீர்கள். ஜெர்மனியின் நூரம்பெர்க் சந்தையை 24 மதியமே மூடிவிடுவார்கள்; ஸ்ட்ராஸ்பூரில் கடைசி நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சனிக்கிழமை மாலை வேண்டவே வேண்டாம், மாசிமகக் கூட்டம்தான். சந்தை நடக்கும் பழைய நகரத் தீவுக்குள் நுழையும் பாலங்களில் பையைச் சோதிக்கலாம், பெட்டியோடு போகாதீர்கள்.

வேன் ஷோ என்பது பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, ஆரஞ்சுத் தோல் போட்டுச் சூடாக்கிய சிவப்பு ஒயின். பிரியாணி மசாலா வாசம் அடிக்கும், ஆனால் இனிப்பு தூக்கல். கோப்பைக்கும் சேர்த்து முன்பணம் வாங்குவார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் வரும். மறந்து நடந்துவிடாதீர்கள். தார்த் ஃபிளாம்பே என்ற மெல்லிய ரொட்டியில் வெங்காயம், கிரீமோடு பன்றி இறைச்சித் துண்டுகளும் இருக்கும். வேண்டாமென்றால் 'சான் லார்தோன்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிரெதெல் பிஸ்கட் தகர டப்பாவில் ஊர்வரை நொறுங்காமல் வரும்.

ஸ்வெட்டரைவிட முக்கியம் தடித்த அடி வைத்த ஷூ. குளிர் கருங்கல் தரையிலிருந்துதான் ஏறும். நட்சத்திர விளக்கு மட்டும் அங்கே வாங்காதீர்கள். நம்மூர் மிஷன் வீதியிலேயே மலிவு.