மசாலா பேக்கிங் மெஷின் திரையில் வீடியோ: இரண்டு வருட அனுபவம்

ஃபிலிம் ரோல் தீர்ந்துவிட்டது, புது ரோலைக் கோர்க்கத் தெரியவில்லை என்று ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும். மசாலாப் பொடியைப் பவுச்சில் அடைக்கும் மெஷின் எங்களுடையது. ஃபிலிம் ஆறேழு ரோலர்களில் மேலும் கீழுமாக ஏறி இறங்கி, பவுச்சைச் சூட்டில் ஒட்டும் சீலிங் ஜாவுக்கு வர வேண்டும். பக்கத்தில் ஒட்டிக் கொடுத்த சார்ட் ஒரே மாதத்தில் மிளகாய்ப்பொடி நிறத்துக்கு மாறிவிடும். ஆபரேட்டர்களில் பாதிப் பேர் பீகார், ஒடிசாக்காரர்கள். திரையில் தமிழில் எழுதி என்ன பயன்? இருபது நொடி வீடியோவாகக் காட்டிவிடலாம் என்று இறங்கினோம்.

ராஸ்பெர்ரி பை என்கிற குட்டிக் கணினியைப் போட்டால் ஒரு நாளில் முடிந்திருக்கும். ஆனால் அதை முறையாக ஷட்டவுன் செய்துதான் அணைக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஆபரேட்டரோ நேராக எம்சிபியை, அதாவது மெயின் சுவிட்சை, தட்டிவிட்டுக் கிளம்புகிறவர். ஷட்டவுன் கொடுங்கள் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். அதனால் மெஷினில் ஏற்கெனவே இருந்த மைக்ரோகன்ட்ரோலர் என்கிற சின்னக் கட்டுப்பாட்டுச் சிப்பிலேயே நின்றோம்.

அதுதான் முதல் தப்பு. அப்போது இருந்தது எஸ்டிஎம்32எஃப்746 என்ற சிப். அதில் ஜேபெக் (JPEG) முறையில் சுருக்கிய படத்தைப் பிரிக்கத் தனி வன்பொருள் கிடையாது, எல்லாம் சாஃப்ட்வேரில்தான். நொடிக்கு ஏழெட்டுப் படம் வந்தது, பிராசஸருக்கு வேறு எதற்கும் நேரமில்லை. முதலில் பார்த்த வாடிக்கையாளர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வீடியோ நல்லா இருக்கு சார், ஸ்டாப் பட்டன்தான் வேலை செய்யல." நல்லவேளை, எமர்ஜென்சி ஸ்டாப் தனியாக வயர் போட்ட சுவிட்ச், திரையை நம்பி இல்லை.

அப்புறம் அதே வரிசையின் எஃப்769 சிப்புக்கு மாறினோம். அதே 216 மெகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ்-எம்7 பிராசஸர்தான், ஆனால் ஜேபெக் வன்பொருள் உள்ளேயே இருக்கிறது. வீடியோவை எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளை வைத்து மோஷன் ஜேபெக்காக மாற்றி, ஏவிஐ கோப்பாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படமும் தனி ஜேபெக். முந்தைய படத்தை நம்பி அடுத்தது இல்லை. கோப்பு ஊதிப்போகும், அதை முதலில் பெரிய குறையாகத்தான் நினைத்தேன்.

இதில் என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது அளவு. 16:9 விகிதம் கெடக்கூடாது என்று 480×270 வைத்தேன். வீடியோ ஓடும், பத்து நிமிடத்தில் மெஷின் எங்காவது சம்பந்தமில்லாத இடத்தில் தொங்கும். நிறத்தைப் பாதியாகக் குறைத்துச் சேமிக்கும் ஜேபெக் 16×16 கட்டம் கட்டமாகத்தான் பிரியும். 270 பதினாறால் வகுபடாது, ஆகவே 272 வரி வெளியே வருகிறது. நான் ஒதுக்கியிருந்த இடமோ 270 வரிக்கு. மிச்ச இரண்டு வரி பக்கத்து மெமரியில் போய் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. 480×272 என்று மாற்றியதும் தொல்லை ஒழிந்தது.

இன்னொன்று, படத்தின் மேல் அங்கங்கே சின்னச் சின்னக் கோடுகள். உற்றுப் பார்த்தால் எல்லாம் சரியாகப் பதினாறு பிக்சல் நீளம். பிக்சலுக்கு 2 பைட் என்றால் 32 பைட், அதாவது ஒரு கேஷ் லைன், பிராசஸர் தன் உள்மெமரியான கேஷில் ஒரே தடவையில் கையாளும் துண்டு. பிராசஸர் வரைந்தது கேஷிலேயே தங்கிவிட, திரைக்கு அனுப்பும் பகுதி வெளி மெமரியான எஸ்டிரேமில் இருந்த பழைய படத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அந்த மெமரிப் பகுதியை ரைட்-த்ரூ ஆக்கியதும், அதாவது எழுதுவது கேஷோடு நிற்காமல் உடனே மெமரிக்கும் போகும்படி வைத்ததும், கோடுகள் போய்விட்டன. எம்7இல் வேலை செய்கிறவர் யாராவது கோடு தெரிகிறது என்றால் முதலில் பிக்சலை எண்ணச் சொல்வேன்.

நொடிக்கு 25 படம் என்பதை 15 ஆகக் குறைத்தோம். ஜேபெக் பிரிந்து வருவது ஒளி, நிறம் என்று தனித்தனியாக. அதைத் திரைக்கு வேண்டிய ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) ஆக்கும் வேலை இந்தச் சிப்பில் பிராசஸர் தலையில்தான் விழுகிறது. அந்த டாஸ்க்கின் முன்னுரிமையைத் தொடுதிரைக்குக் கீழே இறக்கினேன். விரல் பட்டால் வீடியோ ஒரு படம் விட்டுப் போகட்டும், பட்டன் காத்திருக்கக்கூடாது. 15இல் யாரும் குறை சொல்லவில்லை. சத்தம் சேர்க்கவே இல்லை, மெஷின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

முதல் வருடத்தில் வந்த புகார்களில் பெரும்பாலானவை மெமரி கார்டால். அதே கார்டில் நிமிடத்துக்கு ஒருமுறை பவுச் எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டிருந்தோம். கார்டு தன் உள்வேலையைப் பார்க்கும்போது சட்டென்று நின்றுவிடும், வீடியோவும் உறையும். எழுதும் நேரத்தில் எம்சிபி விழுந்தால் கோப்பு அட்டவணையே கெடும். இரண்டு இடத்தில் வீடியோக்கள் மொத்தமாகக் காணாமல் போயின. மெஷின் அதிர்வில் கார்டு சாக்கெட்டில் நழுவியதும் உண்டு. கடைசியில் வீடியோவை போர்டிலேயே இருக்கும் 64 எம்பி குவாட்-எஸ்பிஐ ஃபிளாஷ் மெமரிச் சிப்புக்கு மாற்றினோம். நொடிக்குச் சுமார் 300 கேபி என்றால் மூன்றரை நிமிடம் கொள்ளும். எங்களிடம் இருப்பது ஆறு வீடியோ, எல்லாம் சேர்த்து இரண்டரை நிமிடம்கூட வராது.

எதிர்பாராத விஷயம் ஒன்று நடந்தது. வீடியோவை முழுசாக யாரும் பார்ப்பதில்லை. மூன்றாவது ரோலருக்கு மேலா கீழா என்ற இடம் வந்ததும் விரலால் பின்னுக்கு இழுக்கிறார்கள். கையில் ஃபிலிமை வைத்துக்கொண்டு, சுண்டுவிரலால் இழுத்து, நிறுத்தி, கோர்த்து, மறுபடி இழுக்கிறார்கள். ஒவ்வொரு படமும் தனி ஜேபெக் என்பதால் எந்தப் படத்தில் வேண்டுமானாலும் அப்படியே நிற்கிறது. நான் குறை என்று நினைத்தது இங்கே கை கொடுத்தது. இப்போது பிளே பட்டனைவிட இழுக்கும் பட்டையைப் பெரிதாக்கியிருக்கிறேன், பொடி அப்பிய கைக்கும் அகப்படும்படி.

சீலிங் ஜாவில் ஃபிலிம் ஒட்டாமலிருக்கப் போடும் டெஃப்லானை மாற்றும் வீடியோவை மட்டும் யாரும் தொடுவதில்லை. அதற்கு இன்னும் போன்தான்.

அடுத்த மெஷினுக்கு எச்7 வரிசைச் சிப்பில் போர்டு வரைந்தாகிவிட்டது. ஆர்ஜிபி ஆக்கும் அந்த நிற மாற்றத்தை அதில் டிஎம்ஏ2டி என்ற தனி வன்பொருள் பார்த்துக்கொள்ளும், பிராசஸர் மிச்சம். கார்டு சாக்கெட்டுக்கு அதில் இடமே விடவில்லை.