பாத்ரூமுக்குள் ஒரு பழைய சலூன்: நாலு வருஷம் புழங்கிய பிறகு

போன வாரம் கொத்தனாரை வரச் சொல்லி எங்கள் பாத்ரூம் தரையில் இரண்டு கறுப்புக் கல்லைப் பெயர்த்துவிட்டு வேறு கல் பதித்தேன். வேலை முடிந்த அன்று சாயங்காலமே கோயம்புத்தூரிலிருந்து நண்பன் போன் செய்தான். புது வீடு கட்டுகிறான். எங்கள் வீட்டுக்கு வந்தபோது பார்த்த 'சலூன் பாத்ரூம்' அவன் மனசிலேயே நின்றுவிட்டதாம். "அதே மாதிரி போட்டுடலாமாடா? நாலு வருஷம் ஆச்சே, எப்படி இருக்கு?" என்றான். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஐந்துக்கு ஏழு அடி அறை. சுவரில் நெஞ்சு உயரம் வரை மூன்றுக்கு ஆறு அங்குல வெள்ளை டைல்ஸ், அதற்கு மேலே விரலளவு கறுப்புக் கோடு. 1904-ல் திறந்த நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் ஒட்டிய அதே அளவு. பளிச்சென்று இருக்கும், துடைத்தால் சுத்தமாகும் என்பதால் அந்தக் காலத்து அமெரிக்க முடிதிருத்தும் கடைகளிலும் இந்த வெள்ளைச் சுவர்தான். இதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. டைல்ஸ் இடுக்குக்கு வெள்ளை சிமென்ட் வேண்டாம், எபாக்சி என்ற பிசின் கலவை போடச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியவை கண்ணாடியும் தரையும். முதலில் கண்ணாடி.

மதுரை சிம்மக்கல் பக்கம் நான் சின்ன வயசிலிருந்து போய்க்கொண்டிருந்த சலூன் ஒன்று இருந்தது. பெஞ்சில் தினத்தந்தி, மேலே ரேடியோ, மேசையில் படிகாரக் கல், முன்னாலும் பின்னாலும் தேக்குச் சட்டம் போட்ட இரண்டு பெரிய கண்ணாடிகள். கடையை ஏசி வைத்துப் புதுசாக்கியபோது சலூன்கார அண்ணன் பழைய சாமான்களைக் கழித்துவிட்டார். இரண்டு கண்ணாடியையும் ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்கிக்கொண்டேன். "இதை எடுத்துட்டுப் போய் என்ன தம்பி பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். பாத்ரூமில் மாட்டப் போகிறேன் என்றதும் சிரிக்கவில்லை. "பின்னாடி காத்து போற மாதிரி மாட்டுங்க, இல்லாட்டி ரசம் போயிரும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் இன்றுவரை கண்ணாடியைக் காப்பாற்றுகிறது. ரசம் என்று நாம் சொல்வது ஒரு காலத்தில் நிஜமாகவே பாதரசம்தான். வெள்ளீயத்தோடு சேர்த்துக் கண்ணாடியின் முதுகில் பூசுவார்கள். 1835-ல் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலார் கண்ணாடியில் வெள்ளி படிய வைக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகு பாதரசம் மெல்ல ஒழிந்தது; பேர் மட்டும் நின்றுவிட்டது. வெள்ளியாக இருந்தாலும் ஈரம் ஆகாது. ஓரத்தில் நுழைந்து கறுப்பு கறுப்பாக உள்ளே தின்றுகொண்டு போகும். சுவரில் இரண்டு மரச்சட்டம் அடித்து, அதன் மேல் ஓர் அங்குல இடைவெளி விட்டு மாட்டினேன். வாங்கும்போதே ஒரு மூலையில் இருந்த கறுப்பு, நாலு வருஷத்தில் நகக்கண் அளவுதான் வளர்ந்திருக்கிறது.

இரண்டும் எதிரெதிரே இருக்கின்றன. ஐந்தடிக் குறுகல் அறை, உள்ளே காலெடுத்து வைத்ததும் முடிவில்லாத நடைவழி மாதிரி விரிந்துவிடும். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு மஞ்சள் பல்பைப் போட்டுக்கொண்டு பார்த்தால், முதல் பிம்பம் சாதாரணமாக இருக்கும். ஐந்தாவது ஆறாவதில் லேசாகப் பச்சை படரும். பத்துக்கு மேல் குளத்துத் தண்ணீருக்குள் பார்ப்பது போல இருக்கும். கண்ணாடியில் கலந்திருக்கும் துளி இரும்புதான் காரணம். ஒவ்வொரு தடவை ஒளி கடக்கும்போதும் கொஞ்சம் பச்சை ஏறுகிறது. மட்டம் சிறிது பிசகினாலும் பிம்ப வரிசை நேராகப் போகாமல் வளைந்துவிடும். கொத்தனாரும் நானும் அரை நாள் நூல் பிடித்து நேராக்கினோம். இன்றைக்கும் முகம் மழிக்கும்போது பிடரி தெரிவது எனக்கு அத்தனை சந்தோஷம். பிடரி முடியை நானே ஒதுக்கிக்கொள்கிறேன்.

அம்மாவுக்குத்தான் முதலில் பிடிக்கவில்லை. முடி வெட்டிவிட்டு வந்தால் எதையும் தொடாமல் கொல்லைப்புறமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்று வளர்ந்தவர். "சலூனையே வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டியே" என்றார். குளிக்கிற இடத்தில்தானே அம்மா இருக்கிறது என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது கொண்டை போட அந்தக் கண்ணாடிக்குத்தான் வருகிறார், பின்னால் பூ எங்கே நிற்கிறது என்று தெரிகிறதாம்.

சிவப்பு, வெள்ளை, நீலம் சுற்றுகிற தூண் விளக்கு ஒன்றும் வாங்கி மாட்டியிருந்தேன். ஈரத்தில் எட்டே மாதத்தில் மோட்டார் நின்றுபோனது, கழற்றிவிட்டேன். வருத்தமில்லை. அந்தத் தூண் ஐரோப்பிய அடையாளம். லண்டனில் 1540 முதல் 1745 வரை முடி திருத்துபவர்களும் அறுவை செய்பவர்களும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். நரம்பு கீறி ரத்தம் எடுப்பதும் அவர்கள் தொழில். சிவப்பு ரத்தத்துக்கு, வெள்ளை கட்டுத்துணிக்கு என்று சொல்வார்கள். நம் பக்கத்திலும் முடி திருத்தும் குடும்பங்களுக்கு மருத்துவர் என்று பெயர் இருக்கிறது, அந்த வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள். ஆனால் தூண் நம் பக்கத்துப் பழைய சலூன்களின் அடையாளம் இல்லை. நான் பார்த்து வளர்ந்த கடையில் இல்லாத பொருளை அலங்காரத்துக்கென்று வைத்ததே தப்பு.

சரி, தரைக்கு வருகிறேன். இந்த நாலு வருஷத்தில் என் பொறுமையை முழுசாகத் தின்றது அதுதான்.

சலூன் என்றால் கறுப்பு வெள்ளைச் சதுரங்கத் தரை வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். பீங்கான் டைல்ஸிலேயே அந்த மாதிரி கிடைக்கும். ஆனால் ஆத்தங்குடிக் கல்லைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு வேறு எதுவும் பிடிக்காது. காரைக்குடி பக்கம் ஆத்தங்குடிக்கே போய் எட்டு அங்குலக் கல்லாக எடுத்து வந்தேன். செய்வதை நின்று பார்த்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் நிறம் கலந்த சிமென்ட் குழம்பு, மேலே உலர்ந்த சிமென்டும் மணலும், அப்புறம் ஈரக் கலவை. கையால் அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, வெயிலில் காயவைக்கிறார்கள். சூளையே கிடையாது. கடைசியில் கண்ணாடியைப் பிரிக்கும்போது அதன் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். வெறுங்காலில் அதன் மேல் நிற்கும் குளிர்ச்சியை இன்னும் மனசாரப் புகழ்வேன்.

குற்றம் கல்லில் இல்லை. அதைக் கொண்டுபோய் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஓடும் பாத்ரூமில் பதித்தேனே, அதில் இருக்கிறது. எங்கள் தண்ணீர் சரியான உப்பு. காய்ந்த இடமெல்லாம் வெள்ளைத் திரை விழும். வெள்ளைக் கல்லில் தெரியாது. கறுப்புக் கல்லில் நாலாவது நாளே சுண்ணாம்பு பூசினாற்போல் தெரியும். மற்ற வீடுகளில் என்ன செய்வார்கள்? ஆசிட் ஊற்றித் தேய்ப்பார்கள், உப்பு கரைந்து போய்விடும். இங்கே அது முடியாது. தண்ணீர் விட்டுப்போகிற கறையும் சுண்ணாம்பு, சிமென்ட்டைக் கட்டிப் பிடித்திருப்பதும் சுண்ணாம்பு. கறையைக் கரைக்கிற எதுவும் கல்லையும் கரைக்கும். எலுமிச்சை, வினிகர், புளி என்று வீட்டில் இருக்கிற எல்லாப் புளிப்புக்கும் இதே கதை.

புளியைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். துண்டு போடும் பித்தளைக் கம்பி பச்சை பூத்திருந்தது. பித்தளை என்றால் புளிதானே, கரைத்துத் தேய்த்துப் பொன்னாக்கிவிட்டேன். மறுநாள் பார்த்தால் கம்பிக்கு நேர் கீழே தரையில் மழைத்துளி விழுந்த மாதிரி ஏழெட்டுப் பொட்டு. துடைத்தால் போகவில்லை. விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் சொரசொரவென்று இருக்கிறது. இப்போது கம்பியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய்த்தான் தேய்க்கிறோம்.

நாலு வருஷமாக எங்கள் வீட்டில் கடைசியாகக் குளிப்பவர் வைப்பரால் தண்ணீரைத் தள்ளி, பழந்துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். என் மனைவி ஒருநாள்கூடத் தவறியதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை தரையை நன்றாகக் காயவிட்டு, தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுக்கும் சீலர் பூசுகிறேன். செட்டிநாட்டு வீடுகளில் போல் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கலாமே என்றார்கள் சிலர். கூடத்துக்குச் சரி, குளிக்கிற இடத்தில் வழுக்கும்.

இத்தனை பார்த்துப் பார்த்துச் செய்தும், போன மாதம் நாங்கள் மூன்று நாள் ஊரில் இல்லாதபோது, வீட்டைச் சுத்தம் செய்ய வந்தவர் நல்லெண்ணத்தில், தண்ணீர் வெளியேறும் ஜாலி ஓரம் ஆசிட் ஊற்றிவிட்டார். "கறை நிறைய இருந்துச்சு, நுரை நுரையா வந்துச்சு, எல்லாம் போயிருச்சு" என்று அவரே சந்தோஷமாகச் சொன்னார். நுரைத்தது கல். இரண்டு கறுப்புக் கல்லின் மேல்தோல் போய் மணல் தெரிந்தது. அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் அவரிடம் எதிர்பார்க்கப்படுவது அதுதான். ஆனால் அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மிச்சம் வைத்திருந்த கல் உடைந்து போயிருந்ததால் புதுசு வரவழைத்தோம். கறுப்பு கறுப்போடு சேரவில்லை. பழையது நாலு வருஷக் கால்பட்டு மெருகேறிய கறுப்பு, புதுசு கரிக் கறுப்பு. கொத்தனார் வாட்டம் மாறாமல் அழகாகப் பதித்துக் கொடுத்தார், அவர் வேலையில் குறையில்லை. ஆனாலும் உள்ளே போனால் கண் நேராக அந்த இரண்டு கல்லுக்குத்தான் போகிறது. எதிரெதிர்க் கண்ணாடி வேறு, அதைப் பத்து தடவை காட்டுகிறது.

அழகாக அமைந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சின்னப் பிள்ளைகள் வந்தால் சலூன்காரர் நாற்காலிக் கைப்பிடிகளின் மேல் குறுக்கே ஒரு பலகை போட்டு உட்கார வைப்பாரே, அந்தப் பலகையைக் காசு வாங்காமல் கொடுத்தார். நடுவில் குழிந்து, ஓரம் தேய்ந்து, கை வைத்தால் பட்டுத்துணி மாதிரி இருக்கும். வாஷ்பேசினுக்கு மேலே இரண்டு பித்தளைத் தாங்கி அடித்து அதை அலமாரியாக வைத்திருக்கிறேன். படிகாரக் கல், சீப்பு, பவுடர் டப்பா அதன் மேல். நான் உட்கார்ந்த பலகை. அப்பா பக்கத்தில் நின்று என் தலையைக் குனியப் பிடித்துக்கொண்ட ஞாபகம் இருக்கிறது. நாலு வருஷத்தில் அதற்கு ஒரு கீறல் இல்லை.

நண்பனுக்கு என் பதில்: போடாதே. கண்ணாடியை ரசித்து எழுதியிருக்கிறேன், கல்லைப் புகழ்ந்திருக்கிறேன், ஒரு வார்த்தையையும் மாற்றப் போவதில்லை. ஆனாலும் போடாதே. கூடத்தில் ஆத்தங்குடிக் கல் போடு, பூஜை அறையில் போடு. உப்புத் தண்ணீர் வரும் பாத்ரூமில் வேண்டாம். கேட்காமல் போடத்தான் போகிறாய் என்றால் முதலில் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துவிடும் சாஃப்ட்னர் வை. அப்போதும் உப்பு படியும், ஆனால் வெறும் தண்ணீரில் துடைத்தால் போகிற உப்பு. மிச்சக் கல் இருபதாவது எடுத்து, நிறுத்தி வைத்துப் பத்திரப்படுத்து. நான் இரண்டையும் செய்யவில்லை.

நேற்று போர்டு எழுதுபவரிடம் ஒரு தகரப் பலகை எழுதி வாங்கினேன். பழைய சலூனில் 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று மஞ்சளில் சிவப்பாக எழுதி மாட்டியிருப்பார்கள். அதே எழுத்தில், அதே நிறத்தில், 'இங்கு ஆசிட் ஊற்றாதீர்'. பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம், ஜாலிக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறேன்.