கிரெடிட் ரிப்போர்ட்ல தப்பு இருந்தா பேங்குக்கு போன் மட்டும் போட்டுட்டு உக்காந்திருக்காதீங்க

நியூஜெர்சில இருக்கிற நம்ம ஆளுங்க இத ஒரு தடவ படிச்சிருங்க, நான் எட்டு மாசம் அலைஞ்ச மாதிரி வேற யாரும் அலையக் கூடாது.

பழைய கிரெடிட் கார்டு ஒண்ண பைசா பாக்கி இல்லாம கட்டி க்ளோஸ் பண்ணேன், ஜீரோ பேலன்ஸ்னு லெட்டரும் கைல இருக்கு. அதுக்கப்புறம் வருஷ ஃபீஸ்னு 39 டாலர் போட்டு, பில்ல பழைய வீட்டு அட்ரஸுக்கு அனுப்பிட்டு, நான் கட்டலன்னு 60 நாள் லேட்னு ரிப்போர்ட் பண்ணிட்டாங்க. எடிசன்ல வீடு பாத்து முடிக்கிற நேரத்துல லோன் கிடையாதுன்னு லெட்டர் வந்தப்பதான் எனக்கே விஷயம் தெரியும். என் வீட்டுக்காரம்மா அந்த லெட்டர கிச்சன் மேடைல வச்சுட்டு ஒரு வார்த்த பேசாம நின்னாங்க.

பேங்குக்கு போன் பண்ணா "சரி பண்ணியாச்சு சார், 30 நாள்ல மாறிடும்"னு தேனா பேசுவாங்க. ஏழு தடவ இதே பதில். தேதி, நேரம், பேசுனவங்க பேரு எல்லாம் நோட்டுல எழுதி வச்சேன். ஒருத்தராவது "கிரெடிட் பீரோவுக்கு எழுதுங்க"ன்னு சொல்லல (பீரோன்னா நம்ம கடன் விவரத்த சேத்து கிரெடிட் ரிப்போர்ட் போடுற கம்பெனி), அதுதான் இன்னும் வயிறு எரியுது. கடைசில நியூ பிரன்ஸ்விக்ல பேங்க் மேல ஸ்மால் கிளெய்ம்ஸ், அதாவது சின்னத் தொகைக்கான கோர்ட்ல கேஸ் போட்டேன், இங்க 5000 டாலர் வரைக்கும் வக்கீல் வைக்காம நாமளே போடலாம்.

ஜட்ஜம்மா நோட்ட வாங்கி பொறுமையா ஒவ்வொரு பக்கமா புரட்டிட்டு, ரிப்போர்ட் தப்புன்னு பீரோவுக்கு அனுப்புன டிஸ்ப்யூட் லெட்டர் எங்கன்னு கேட்டாங்க. என்கிட்ட இல்ல. கேஸ் தள்ளுபடி.

கிரெடிட் ரிப்போர்ட் பத்தின சட்டமான ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் ஆக்ட்ல விஷயம் இதுதான்: பேங்க்கிட்ட நேரா எத்தன தடவ சொன்னாலும் அத வச்சு அந்தச் சட்டத்துல நம்மால கேஸ் போட முடியாது. நாம பீரோவுக்கு டிஸ்ப்யூட் பண்ணி, பீரோ அத பேங்குக்கு அனுப்பி, அதுக்கப்புறமும் அவங்க ஒழுங்கா விசாரிக்காம "சரிதான்"னு திருப்பி அடிச்சாதான் நமக்கு வழி திறக்கும்.

அதனால எந்தெந்த பீரோ ரிப்போர்ட்ல தப்பு இருக்கோ அத்தனைக்கும் சர்டிஃபைட் மெயில்ல ரிட்டர்ன் ரிசீப்ட் கேட்டு லெட்டர் போடுங்க, ஆதாரத்துக்கு காப்பி மட்டும் வைங்க, ஒரிஜினல் வேணாம். கையெழுத்து வாங்கி திரும்பி வர்ற அந்தப் பச்ச அட்டைய பத்திரமா வைங்க. பொதுவா 30 நாளுக்குள்ள, சில சமயம் 45 நாளுக்குள்ள பீரோ விசாரிச்சு முடிக்கணும். வேணும்னே சட்டத்த மீறுனாங்கன்னு நிரூபிச்சா நஷ்டக் கணக்கு காட்ட முடியலன்னாலும் 100லேருந்து 1000 டாலர் வரைக்கும் கிடைக்கும், வெறும் கவனக்குறைவுன்னா லோன் போனது, வட்டி ஏறுனதுன்னு உண்மையான நஷ்டத்தக் காட்டணும். மீறுனது நமக்குத் தெரிஞ்சதுலேருந்து 2 வருஷத்துக்குள்ள போட்டுடணும். இன்னொண்ணு, இது ஃபெடரல் சட்டம்ங்கறதால பேங்க் வக்கீல் கேஸ ஃபெடரல் கோர்ட்டுக்கு மாத்த முடியும், அப்படி ஆனா பயந்து வாபஸ் வாங்காம ஒரு கன்ஸ்யூமர் வக்கீலப் பாருங்க, ஜெயிச்சா வக்கீல் ஃபீஸையும் அவங்கதான் கட்டணும்.

நான் இப்பதான் லெட்டர் அனுப்பியிருக்கேன், பச்ச அட்ட நேத்து திரும்பி வந்துச்சு. எப்படி எழுதுறதுன்னு தெரியாதவங்க கேளுங்க, அக்கவுண்ட் நம்பர அடிச்சுட்டு என் காப்பியத் தர்றேன்.