பழைய பிரெஞ்சு ராட்செட்: எந்த முத்திரையை நம்புவது?

பழைய பிரெஞ்சு ராட்செட் ஸ்பேனரின் (ஒரு திசையில் மட்டும் பிடித்து நட்டைத் திருகும் கருவி) கைப்பிடியில் தயாரிப்பாளரின் பெயர், மாதிரி எண், காப்புரிமை வாசகம், நாட்டுப் பெயர் ஆகிய நான்கும் பொறிக்கப்பட்டிருக்கக்கூடும். வாங்குவோரின் கண் முதலில் பெயரின் மேல்தான் விழுகிறது. ஆனால் கருவியின் வயதைக் கணிப்பதற்குப் பெயர் அவ்வளவாக உதவுவதில்லை. லூயி மோசே 1918இல் தொடங்கிய பிரெஞ்சுக் கருவி நிறுவனமான ஃபாக்கோம், 2006இல் அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனத்தின் கைக்குப் போன பின்பும் அதே பெயரில்தான் விற்பனையாகிறது. ஆகவே அப்பெயர் மட்டும் இருந்தால், 1918க்கு முற்பட்டது அன்று என்பதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மாதிரி எண் சொல்வது அளவை. ஃபாக்கோமின் முறையில் ஆர் என்ற எழுத்து, சாக்கெட்டைப் பொருத்தும் கால் அங்குலச் சதுர முனையையும், ஜே 3/8 அங்குலத்தையும், எஸ் அரை அங்குலத்தையும், கே முக்கால் அங்குலத்தையும் குறிக்கும், எஸ்.151 என்றிருந்தால் அதன் முனை 12.7 மி.மீ. இருக்க வேண்டும். பெயர் தேய்ந்து எண் மட்டும் எஞ்சிய கருவிகளில் இது பெரிய துணைதான். ஆனால் செயின்ட் எத்தியெனைச் சேர்ந்த சாம் என்ற கருவி நிறுவனமும் இதே ஆர், ஜே, எஸ் எழுத்துகளைப் பயன்படுத்துவதால், எழுத்தை மட்டும் பார்த்து ஃபாக்கோம் என்று விலை பேசுவது அவசரம்.

காலத்தைப் பொறுத்தவரை என் நம்பிக்கை காப்புரிமை வாசகத்தின் மீதுதான். 1844ஆம் ஆண்டுச் சட்டப்படி, காப்புரிமையைச் சுட்டுகிற பிரெஞ்சுப் பொருள்களில், அதற்கு அரசு உத்தரவாதம் தரவில்லை என்று பொருள்படும் ‘ப்ரெவெத்தே எஸ்.ஜி.டி.ஜி.’ என்ற தொடரும் இடம்பெற வேண்டியிருந்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. இத்தொடரோடு ஃபாக்கோம் பெயரும் இருந்தால், அந்த ராட்செட் பெரும்பாலும் 1918க்கும் 1968க்கும் இடைப்பட்டது எனலாம். பழைய அச்சுகள் சில ஆண்டுகள் கூடுதலாக ஓடியிருக்கலாம் என்பதால் மேல் எல்லையைச் சற்றுத் தளர்த்திக்கொள்வது நல்லது. தொடர் இல்லாததை வைத்து மட்டும் கருவியைப் புதியது என்று ஒதுக்கவும் கூடாது. காப்புரிமை பெறாத கருவியில் அது இருக்க வாய்ப்பே இல்லை.

‘மேட் இன் பிரான்ஸ்’ என்ற ஆங்கில வரி நான்கிலும் பலவீனமானது. ஏற்றுமதிக்குப் போன எந்தக் காலத்துச் சரக்கிலும் அது வரலாம்.

எதைப் படிப்பதாயினும் முதலில் துருவைச் சுரண்டாமல், எண்ணெய்த் துணியால் துடைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். உருக்கு அடிக்கும் அச்சிலிருந்தே புடைத்து வந்த எழுத்துகள் தேய்ந்தாலும் தடம் தெரியும். பின்னர் மேலோட்டமாக அடித்த எழுத்துகளோ கிரைண்டரில் ஒருமுறை காட்டினாலே போய்விடும். தலைக்குள் உள்ள பற்சக்கரத்தையும் ஸ்பிரிங்கையும் வயதுக்குச் சாட்சியாகக் கொள்ள வேண்டாம்; அவை தேயும்போது மாற்றப்படுபவை என்பதால், பழைய கைப்பிடிக்குள் புதிய பற்கள் மின்னுவது இயல்பே.