எண் எந்த இரும்பில் இருக்கிறது? மூன்று நாட்டு மறுசீரமைப்பு முத்திரைகள்

இரண்டாம் உலகப் போர்க்கால ரைஃபிள் ஒன்று தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அதே கோலத்தில் இன்று கிடைப்பது அபூர்வம். போர் முடிந்ததும் லட்சக்கணக்கான ரைஃபிள்களைப் படைகளிடமிருந்து திரும்ப வாங்கி, பிரித்துக் கழுவி, தேய்ந்த பாகங்களை வீசிவிட்டு, கையில் கிடைத்த நல்ல பாகங்களைப் போட்டுப் பூட்டிக் கிடங்கில் அடுக்கினார்கள். 1942-இல் பிறந்த ரைஃபிளில் 1952-இல் செய்த குழல் இருக்கும். குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் மூன்றாவது ஒரு கம்பெனியுடையதாக இருக்கும். மறுபடி பூட்டிய பட்டறை தன் பங்குக்கு ஒரு முத்திரையையும் குத்தியிருக்கும்.

அந்த முத்திரையைப் படம் எடுத்துப் போட்டு "இது என்ன?" என்று கேட்பவர்கள் நிறைய. முத்திரை இருக்கட்டும், வரிசை எண் எந்த இரும்பில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள் என்பேன். எண் எதில் இருக்கிறதோ அதைத்தான் அந்த ராணுவம் "ரைஃபிள்" என்று கணக்கு வைத்தது. மற்றதெல்லாம் மாற்றத்தக்க உதிரி. அமெரிக்காவின் எம்1 கேரண்ட், பிரிட்டன் வழிவந்த லீ-என்ஃபீல்டு, சோவியத் மோசின்-நாகாந்த் மூன்றையும் இந்தக் கேள்வியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எதன் முத்திரையை எவ்வளவு நம்பலாம் என்பது தெரிந்துவிடும்.

அமெரிக்கா: ஊர் தெரியும், ஆனால் மரத்தில்

எம்1 கேரண்டில் வரிசை எண் ஒரே ஒரு இடத்தில், ரிசீவரின் (குழலும் போல்டும் வந்து பொருந்தும் நடு உடல்) பின்புறத்தில் மட்டும் இருக்கும். போல்டிலோ குழலிலோ எண் கிடையாது. அதனால் "எண் பொருந்திய கேரண்ட்", அதாவது எல்லாப் பாகத்திலும் ஒரே எண் உள்ளது, என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகரலாம். எண்ணுக்குப் பதில் பாகங்களில் வரைபட எண்கள் இருக்கும். எந்த வரைபடத்தின் எத்தனையாவது திருத்தத்தின்படி செய்தது, எந்தத் தொழிற்சாலை செய்தது என்பதை அவை சொல்லும். இயக்குத் தண்டைப் பின்னுக்கு இழுத்தால் குழலின் வலப்பக்கத்தில் தயாரித்த மாதமும் ஆண்டும் தெரியும். மூன்று நாடுகளில் பாகங்களுக்குக் காலம் கணிக்க இதைவிடச் சுலபமானது இல்லை.

மறுசீரமைப்பு முத்திரைகள் பெரும்பாலும் மரக்கட்டையின் இடப்பக்கத்தில் குத்தப்பட்டவை. 'ஆர்.ஐ.ஏ.', அதன் கீழே 'ஈ.பி.' என்றிருந்தால் இல்லினாயின் ராக் ஐலண்ட் ஆர்சனல் (ராணுவ ஆயுதச்சாலை), பரிசோதகர் எல்மர் பியெர்க்கி. 'ஓ.ஜி.' என்றால் யூட்டாவின் ஆக்டன். 'ஏ.ஏ.' என்றால் ஜார்ஜியாவின் அகஸ்டா. 'ஆர்.ஏ.-பி' என்றால் நியூ ஜெர்சியின் ராரிட்டன். ஊரையும் சிலசமயம் பரிசோதித்தவரின் பெயரெழுத்தையும் சேர்த்துச் சொல்லும் முத்திரை வேறு நாட்டில் இவ்வளவு தாராளமாகக் கிடைக்காது.

சிக்கல் என்னவென்றால், மரம் கழன்று வரும். அகஸ்டாவில் முத்திரை குத்தப்பட்ட கட்டை அடுத்த பழுதுபார்ப்பில் வேறொரு ரிசீவருக்குப் போயிருக்கும். ஒரே கட்டையில் இரண்டு ஆர்சனல்களின் முத்திரை இருப்பதும் உண்டு. ஆக, அந்த முத்திரை கட்டையின் வரலாறு. ரைஃபிளின் வரலாறாக அதை எடுத்துக்கொள்ளும்போதுதான் கதை தடம் புரளுகிறது. 1960-களில் சில கிடங்குகள் ரிசீவரில் கீழ்நோக்கி நீளும் 'கால்' மீது மின்பேனாவால் இடத்தின் சுருக்கெழுத்தையும் மாதம், ஆண்டையும் கீறி வைத்தன. கட்டையைக் கழற்றினால்தான் கண்ணில் படும். பார்க்கக் கோழிக்கிறுக்கலாக இருந்தாலும், மரத்தின் அழகான பெட்டி முத்திரையைவிட இதற்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

முத்திரை எதுவுமே இல்லாவிட்டாலும் கேரண்ட் தன் மறுபிறப்பைக் காட்டிக் கொடுத்துவிடும். போர்க்காலப் பின்குறியில் (குறிபார்க்க உதவும் பின்பக்கச் சாதனம்) பூட்டுப் பட்டை ஒன்று இருந்தது. பின்னாளில் டி105 என்ற மேம்பட்ட குறி வந்ததும் பழுதுபார்ப்பில் பழையதை எடுத்துவிட்டார்கள். இயக்குத் தண்டின் ஒரு சதுர மூலையில் விரிசல் விட்டதால், போருக்குப் பின் அந்த இடத்தை வளைவாக வெட்டி விட்டார்கள். அந்த வெட்டு இல்லாத தண்டு இன்று சேகரிப்பாளர்களிடம் நல்ல விலை போகிறது. ஒரு ராணுவம் பாதுகாப்புக்காகச் செய்த திருத்தம் இல்லாததற்குக் கூடுதல் பணம்! சேகரிப்பு உலகத்தின் நியாயமே தனி.

பிரிட்டன், இந்தியா: இரும்பிலேயே எழுதிய சாட்சி

லீ-என்ஃபீல்டில் எண் உடல்பகுதியிலும் (ரிசீவருக்கு பிரிட்டிஷ் பெயர்) போல்ட் கைப்பிடியிலும் இருக்கும். பழைய நம்பர் 1 வகையில் குழல், குழல் முனையிலுள்ள மூக்குமூடி, பின்குறித் தகடு என்று இன்னும் பல இடங்களில். போல்ட் மாற்றினால் பழைய எண்ணைக் குறுக்கே வெட்டிப் புதிய எண்ணைப் பக்கத்தில் குத்துவது வழக்கம். அடித்த எண்ணும் படிக்கும்படி இருந்தால் அது ஆய்வாளருக்கு அதிர்ஷ்டம்.

இங்கே தேட வேண்டிய மூன்று எழுத்து 'எஃப்.டி.ஆர்.', அதாவது ஃபேக்டரி தரோ ரிப்பேர். முழுக்கப் பிரித்து, அளந்து, புதுசுக்கு இணையாகக் கட்டியது என்று பொருள். லிவர்பூல் பக்கத்து ஃபசாகர்லி தொழிற்சாலையில் செய்திருந்தால் உடலின் இடப்பக்கத்தில் அடைப்புக்குள் ஒரு 'எஃப்', 'எஃப்.டி.ஆர்.', பெரும்பாலும் ஆண்டும் சேர்ந்து இருக்கும். எங்கே, எப்போது என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே வரியில், அதுவும் கழற்றி மாற்ற முடியாத இரும்பில் பதில். மற்ற இரண்டு நாடுகளும் இந்த இடத்தில் தோற்றுப் போகின்றன.

அந்த வரியில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. லீ-என்ஃபீல்டின் பிந்தைய வகையான நம்பர் 4 ரைஃபிளின் முதல் வடிவத்தில் விசை, விசைக்காப்பில் தொங்கியது. காப்போ மரத்தோடு திருகப்பட்டது. மழைக்காலத்தில் மரம் ஊதினால் விசையின் இழுப்பே மாறிவிடும். 1949-இல் வந்த மார்க் 2-இல் விசையை உடலிலேயே தொங்கவிட்டார்கள். பழைய ரைஃபிள்களுக்கும் உடலில் ஒரு சிறு தாங்கியைப் பற்றவைத்து அதே ஏற்பாட்டைச் செய்தார்கள். மார்க் 1 அப்படி மாறினால் 'மார்க் 1/2', மார்க் 1 நட்சத்திரம் (1*) மாறினால் 'மார்க் 1/3'. நட்சத்திர வகை அமெரிக்காவின் சாவேஜும் கனடாவின் லாங் பிராஞ்சும் மட்டுமே செய்தவை. ஆகவே, பழுதுபார்ப்பில் மூலத் தயாரிப்பாளரின் குறி தேய்ந்து போயிருந்தாலும், '1/3' என்ற குறியை வைத்தே அது அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த ரைஃபிள் என்று சொல்லிவிடலாம். முத்திரையிலிருந்து பிறப்பிடத்தைப் பிடிக்கும் இந்த வித்தை எனக்கு மிகவும் பிடித்தது.

ஃபசாகர்லி வேலையை மேல்பூச்சை வைத்தும் அடையாளம் காணலாம். பாஸ்பேட் பூச்சின் மேல் தடிமனான கறுப்புப் பெயின்ட். முனைகளில் அது செதில் செதிலாக உதிர்ந்து, கீழே சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும். அதைச் சுரண்டிப் "பழைய மெருகை" வெளிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்புபவர்கள் வரலாற்றைத்தான் சுரண்டுகிறார்கள்.

அடுத்து நம்ம ஊர்க் கதை. கொல்கத்தாவுக்கு அருகே இச்சாபூர் ரைஃபிள் தொழிற்சாலை ஆங்கிலேயர் காலத்தில் கிரீடமும் மன்னர் ஜார்ஜைக் குறிக்கும் 'ஜி.ஆர்.ஐ.' எழுத்துகளும் குத்தி நம்பர் 1 வகையைச் செய்தது. விடுதலைக்குப் பின் 'ஆர்.எஃப்.ஐ.' (ரைஃபிள் ஃபேக்டரி இச்சாபூர்) வந்தது. இங்கே பழுதுபார்த்த ரைஃபிள்களில் எஃப்.டி.ஆர். முத்திரையைவிடப் பளிச்சென்று தெரிவது முன்கட்டையின் குறுக்கே ஏறிய ஒரு திருகு. மரம் பிளக்காமலிருக்கப் போட்டது. உலகச் சேகரிப்பாளர்கள் அதை 'இச்சாபூர் திருகு' என்றே அழைக்கிறார்கள். ஒரு பழுதுபார்க்கும் பட்டறையின் பெயர் ஒரு திருகுக்கு நிலைத்துவிட்டது.

என்.சி.சி.யில் 'த்ரீ நாட் த்ரீ' தூக்கி அணிவகுத்தவர்கள் 'டி.பி.' என்ற எழுத்தைப் பார்த்திருக்கலாம். அது மறுசீரமைப்புக்கு நேர் எதிர். பயிற்சிக்கு மட்டும், சுடக் கூடாது என்ற குறி.

சோவியத்: ஒரு பெட்டி, ஒரு கோடு, அவ்வளவுதான்

மோசினில் எல்லாமே தலைகீழ். வரிசை எண்ணும் ஆண்டும் தொழிற்சாலைக் குறியும் குழலின் அடிப்பகுதியில் இருக்கின்றன. துலா என்றால் நட்சத்திரம், இஷெவ்ஸ்க் என்றால் முக்கோணத்துக்குள் அம்பு. குழலை மாற்றினால் ரைஃபிளின் அடையாளமே மாறிவிடும். ரிசீவரின் உண்மையான வயது அதன் வால்பகுதியின் அடியில், மரத்துக்குள் மறைந்திருக்கும். மேலே ஓர் ஆண்டு, அடியில் ஜார் காலத்து ஆண்டு என்பதும் மோசினில் உண்டு. பின்லாந்து இந்தப் பழைய ரிசீவர்களை எடுத்துப் புதிய குழல் போட்டுத் தன் எம்39 ரைஃபிளைச் செய்தது. 1899-க்கு முந்தைய ரிசீவர் அமெரிக்கச் சட்டப்படி 'பழம்பொருள்' ஆகிவிடுவதால், அந்த வால்பகுதி ஆண்டுக்கு அங்கே தனி மவுசு.

சோவியத் பட்டறைகளின் பொதுவான குறி ஒரு சிறு சதுரம், அதற்குள் மூலைக்கு மூலை ஒரு கோடு. ஆண்டு இல்லை, பெயரெழுத்து இல்லை. அதை மட்டும் வைத்துக்கொண்டு 'மறுசீரமைக்கப்பட்டது' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை எழுத முடியாது.

ஆனால் முத்திரையைச் சுற்றியுள்ள வேலை பேசும். போல்ட், தோட்டாப்பெட்டியின் அடித்தகடு, கட்டையின் பின்தகடு எல்லாவற்றிலும் பழைய எண்ணை அடித்துவிட்டு, குழலின் எண்ணையே குத்தியோ மின்பேனாவால் கீறியோ வைத்திருப்பார்கள். விற்பவர் இதை 'எண் பொருந்தியது' என்பார். வலிந்து பொருத்தியது என்பதே சரி. எழுத்துருவின் வடிவம் இடத்துக்கு இடம் மாறுவதைக் கவனித்தால் போதும். ரிசீவரின் இடப்பக்கத்தில் அடைத்து வழுவழுப்பாக்கிய இரண்டு துளைகள் தெரிந்தால், ஒரு காலத்தில் பி.யு. தொலைநோக்கி தாங்கிய ஸ்னைப்பர் ரைஃபிளாக அது இருந்திருக்கும்.

சோவியத் கைப்பற்றிய ஜெர்மன் கே98கே ரைஃபிள்களுக்கும் ஏறக்குறைய இதே வைத்தியம்தான், ரிசீவரில் ஒரு 'எக்ஸ்' குறி கூடுதலாக. யுகோஸ்லாவியா ஒரு படி மேலே போய் ஜெர்மன் குறிகளையே அழித்துத் தன் சின்னத்தைக் குத்தியது.

எது தேறும்?

முத்திரையின் நம்பகத்தன்மைக்கு லீ-என்ஃபீல்டு, பாகங்களின் வயதுக்குக் கேரண்ட். மோசினில் முத்திரை உதவாது, துப்பறிவதற்குப் பொறுமை வேண்டும்.

போலி விஷயத்தில் வரிசை வேறு. மரத்தில் முத்திரை குத்தும் அச்சுகளைப் புதிதாகச் செய்து கொள்ளலாம் என்பதால் அமெரிக்க முத்திரைகளில்தான் ஏமாற்று அதிகம். குறிப்பாக, புது ரைஃபிளைத் தொழிற்சாலையில் ஏற்றுக்கொண்டபோது குத்திய மூல ஏற்பு முத்திரைகளில். தேய்த்து மெழுகிய கட்டையில் முத்திரை மட்டும் கூர்மையாக நின்றால் கையை எடுத்துவிடுங்கள். மோசினில் போலி ஸ்னைப்பர்கள் உண்டு. எஃப்.டி.ஆர்.-ஐ யாரும் போலியாகக் குத்துவதில்லை. அதனால் விலை ஏறப் போவதில்லை என்பதே காரணம்.

இந்தியாவில் லீ-என்ஃபீல்டின் பாயின்ட் 303 அளவு பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை. ஆகவே நம்மில் பலருக்கு அருங்காட்சியகக் கண்ணாடிதான் கதி. அங்கேயும் லீ-என்ஃபீல்டுக்கே சாதகம். இடப்பக்கம் தெரியும்படி வைத்திருந்தால் எஃப்.டி.ஆர். வரியை அப்படியே படித்துவிடலாம். கேரண்டின் குழல் ஆண்டுக்கு இயக்குத் தண்டை இழுக்க வேண்டும், மோசினின் வால் ஆண்டுக்குக் கட்டையையே கழற்ற வேண்டும். இரண்டுக்கும் காவலாளி சம்மதிக்க மாட்டார்.